கம்பெனி காரை ஒப்படைக்கும் முன் வாங்க வேண்டிய கடிதம்: சொந்த இன்சூரன்ஸுக்கு மாறுவது எப்படி

வேலை மாறும்போதோ ஓய்வு பெறும்போதோ கம்பெனி கொடுத்த காரின் சாவியை ஒப்படைத்துவிட்டு, சொந்தக் காருக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போய் நிற்கும் பலருக்கும் ஒரே இடத்தில்தான் அடி விழுகிறது. பத்து வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியிருப்பீர்கள். ஆனால் விண்ணப்பத்தில் "எத்தனை வருட நோ கிளெய்ம் போனஸ்?" (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காக ப்ரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) என்ற கட்டம் வரும்போது பூஜ்ஜியம் என்று எழுத வேண்டியிருக்கும்.

எனக்கு அதுதான் நடந்தது. ஏழு வருடம் கம்பெனி கார் ஓட்டினேன், ஒரு கிளெய்ம்கூட இல்லை. வேலையை விட்டு ஐந்து மாதம் கழித்து சொந்தமாகக் கார் வாங்கியபோதுதான் பழைய கம்பெனியிடம் கடிதம் கேட்கலாம் என்றே தெரிந்தது. அதற்குள் வண்டிகளைக் கவனித்துக்கொண்டிருந்த அட்மின் அதிகாரி வேறு இடத்துக்குப் போய்விட்டார், கம்பெனியும் வேறு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மாறிவிட்டது, என் கார் எண்ணைச் சொன்னால் அடையாளம் காட்ட அங்கே ஆளே இல்லை. கடைசி வரை கடிதம் வரவில்லை. முதல் வருட ப்ரீமியத்தை நேற்று லைசென்ஸ் எடுத்தவர் கட்டுவது போலக் கட்டினேன். நோட்டீஸ் பீரியடில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், மீதியை அப்புறம் படிக்கலாம், முதலில் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டுவிட்டு வாருங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். இன்சூரன்ஸ் என்பது பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கும் நிறுவனத்துக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம். கம்பெனி காரில் பாலிசிதாரர் கம்பெனி. நீங்கள் அந்த வண்டியை ஓட்ட அனுமதிக்கப்பட்ட ஓட்டுநர், அவ்வளவுதான். கிளெய்ம் இல்லாத வருடத்துக்குக் கிடைக்கும் சலுகை காருக்கும் சேராது, ஓட்டியவருக்கும் சேராது, பாலிசிதாரருக்குத்தான் சேரும். அதுவும் நிறைய வண்டி வைத்திருக்கும் கம்பெனிகள் ஃப்ளீட் பாலிசி என்று எல்லா வண்டிகளையும் ஒரே பாலிசியில் போட்டிருப்பார்கள். அங்கே ப்ரீமியம், மொத்த வண்டிகளும் சேர்ந்து கடந்த வருடங்களில் எவ்வளவு கிளெய்ம் வாங்கின என்பதைப் பார்த்து முடிவாகும். உங்கள் வண்டிக்கென்று தனிக் கணக்கு இருக்கவே இருக்காது. நீங்கள் பத்திரமாக ஓட்டியதால் வந்த லாபம், வேறு யாரோ இடித்ததால் வந்த நஷ்டத்தோடு கலந்து கரைந்து போயிருக்கும்.

இதில் எனக்கு மிகவும் நியாயமில்லாததாகப் படும் ஒன்று உண்டு. விபத்து இல்லாத வருடங்கள் தானாக உங்களோடு வருவதில்லை. விபத்து மட்டும் வந்துவிடும். புதுப் பாலிசி எடுக்கும்போது "கடந்த மூன்று வருடத்தில் அல்லது ஐந்து வருடத்தில் நீங்கள் ஓட்டிய வண்டி ஏதேனும் விபத்தில் சிக்கியதா?" என்று கேட்டால், கம்பெனி காரில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். "அது கம்பெனி பாலிசியாச்சே" என்று விட்டுவிடக் கூடாது. போலீஸ் அபராதம், லைசென்ஸில் ஏறிய புள்ளிகள் எல்லாம் உங்கள் பெயரில்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் வாகனக் கிளெய்ம்கள் சுமார் ஏழு வருடத்துக்கு க்ளூ என்ற, இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் அறிக்கையில் பதிவாகி நிற்கும், புதுப் பாலிசி தருபவர்கள் அதை எடுத்துப் பார்ப்பார்கள். மறைத்த விஷயம் பாலிசி எடுக்கும் அன்று தெரியாமல் போகலாம், பெரிய கிளெய்ம் வரும் அன்று தோண்டி எடுப்பார்கள், பணம் தர மறுக்க அது ஒன்றே போதும். அதனால் கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். உங்கள் தவறால் நடந்ததா, மற்றவர் தவறா, தொகை எவ்வளவு, வழக்கு முடிந்ததா என்பதற்கெல்லாம் தனித்தனிக் கட்டம் இருக்கும். நின்றிருந்த உங்கள் வண்டியில் வேறொருவர் பின்னால் வந்து இடித்ததையும் உங்கள் தவறான விபத்தையும் ஒரே வரியில் எழுதிவிட்டால் நஷ்டம் உங்களுக்கே.

சரி, கடிதத்துக்கு வருவோம். இதுதான் இந்த மாற்றத்தில் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம்.

கம்பெனியின் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் தேதியும் போட்டு, கிட்டத்தட்ட இப்படி இருக்க வேண்டும்: "இன்ன பெயருள்ள இவர், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, எங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமான இந்தப் பதிவெண் கொண்ட காரை ஓட்டினார். அந்தக் கார் அவருடைய பயன்பாட்டுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. அலுவலக வேலைக்கும் சொந்தத் தேவைக்கும் அதைப் பயன்படுத்த அவருக்கு அனுமதி இருந்தது. இந்தக் காலத்தில் அந்தக் காரின் பேரில் எந்தக் கிளெய்மும் எழவில்லை. காரின் இன்சூரன்ஸ் இன்ன நிறுவனத்தில், இன்ன பாலிசி எண்ணில் இருந்தது."

ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. தேதி இல்லாமல் "பல வருடங்கள்" என்று எழுதினால் எத்தனை வருடச் சலுகை தருவது என்று யாராலும் கணக்குப் போட முடியாது. "அவருக்கு மட்டுமே" என்ற வார்த்தை இல்லையென்றால், ஷிஃப்டுக்கு ஒருவர் மாற்றி மாற்றி ஓட்டிய வண்டியாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட அனுபவத்தைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். சொந்தத் தேவைக்கும் ஓட்டினீர்கள் என்பது ஏன் வேண்டுமென்றால், நீங்கள் இப்போது கேட்பது சொந்த உபயோகத்துக்கான பாலிசி, ஆகவே அந்த மாதிரி ஓட்டிய அனுபவம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். "கிளெய்ம் இல்லை" என்ற வரிதான் உயிர். கிளெய்ம் இருந்திருந்தால் அதை மறைத்துக் கடிதம் வாங்காதீர்கள், தேதியோடு, யார் பக்கம் தவறு என்பதோடு எழுதச் சொல்லுங்கள், ஒரு கிளெய்மோடு கூடிய ஆறு வருடம் என்பது ஒன்றுமே இல்லாததைவிட எவ்வளவோ மேல். இன்னொரு விஷயம், நடுவில் கார் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். மூன்று வருடத்துக்கு ஒன்று, நான்கு வருடத்துக்கு ஒன்று என்று. எல்லாக் கார்களின் எண்ணும் காலமும் கடிதத்தில் வர வேண்டும். எனக்கு மூன்று கார் மாறியது, முதல் காரின் எண் எனக்கே நினைவில்லை. பழைய சர்வீஸ் பில், பார்க்கிங் பாஸ் என்று தேடினால் கிடைக்கும். எங்கும் இல்லையென்றால் சாவியை வாங்கும்போது கையெழுத்துப் போட்ட ஒப்படைப்புத் தாளைக் கேளுங்கள்.

முடிந்தால் இரண்டு தாள் வாங்குங்கள். ஒன்று கம்பெனியிடமிருந்து, மற்றது கம்பெனியின் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்தோ அவர்களுடைய புரோக்கரிடமிருந்தோ. கம்பெனி கடிதத்தை மட்டும் வைத்து ஒப்புக்கொள்பவர்களும் உண்டு, இன்சூரன்ஸ் நிறுவனமே எழுதித் தந்தால்தான் ஆயிற்று என்பவர்களும் உண்டு. நீங்கள் நேரடியாக அந்த இன்சூரன்ஸ் நிறுவனத்தைக் கேட்டால் "எங்கள் வாடிக்கையாளர் கம்பெனிதான், உங்களுக்குத் தர முடியாது" என்று சொல்லிவிடுவார்கள், அது அவர்கள் தரப்பில் சரியும்கூட. ஆகவே ஹெச்.ஆர். அல்லது அட்மின் வழியாகக் கேட்க வையுங்கள். வேலையில் இருக்கும்போது இது ஐந்து நிமிட மெயில். வெளியே வந்த பிறகு அதே கடிதத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். சாவியும் ஆர்.சி.யும் ஒப்படைக்கும் நாளில் ரிலீவிங் கடிதத்தோடு சேர்த்து இதையும் வாங்கிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போனால் எல்லாரும் சலுகை தந்துவிடுவார்களா? இல்லை. இது நாட்டுக்கு நாடு மாறும், ஒரே நாட்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிரிட்டனில் கம்பெனி கார் அனுபவத்தை நோ கிளெய்ம் வருடங்களாக எண்ணிக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன, எண்ணாதவையும் இருக்கின்றன, சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இணையத்தில் விலை ஒப்பிடும் தளங்களில் இந்தக் கேள்விக்குச் சரியான கட்டமே பல சமயம் இருக்காது, அதனால் போனில் பேசுங்கள் அல்லது புரோக்கரைப் பிடியுங்கள். பேசும்போது முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "கம்பெனி கார் ஓட்டிய வருடங்களை ஏற்பீர்களா, என்ன தாள் வேண்டும்?" விலை சொல்லி முடித்த பிறகு கேட்டால், அந்த விலையில் அது சேர்ந்திருக்கிறதா இல்லையா என்ற குழப்பம் வரும். அமெரிக்காவில் சலுகையைவிட முக்கியமாகப் பார்ப்பது, இடைவெளி இல்லாமல் ஏதாவது ஒரு பாலிசியின் கீழ் இருந்தீர்களா என்பதைத்தான். அங்கேயும் கம்பெனி பாலிசியில் ஓட்டுநராக இருந்தேன் என்பதற்கு ஒரு தாள் காட்டினால் "முன்பு இன்சூரன்ஸ் இல்லாதவர்" என்ற பட்டியலில் விழாமல் தப்பிக்க வழி இருக்கிறது.

இந்தியாவில் கதை கொஞ்சம் வேறு. இங்கே நோ கிளெய்ம் போனஸ் கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது வருடம் 50 சதவீதத்தில் நிற்கும். சொந்தச் சேதத்துக்கான பகுதியில் மட்டும்தான் அந்தத் தள்ளுபடி, மற்றவருக்கு நேரும் நஷ்டத்துக்கான தேர்ட் பார்ட்டி பகுதியில் கிடையாது. ஒரு காரை வேறொருவர் வாங்கினால் பழையவரின் போனஸ் புதியவருக்குப் போகாது என்பது பொது விதி. ஆனால் அதே விதிகளில் கம்பெனி ஊழியருக்கென்று ஒரு விலக்கு இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது, ஏஜென்ட்களில்கூடப் பலருக்குத் தெரியாது. 2002-இல் வந்த இந்திய மோட்டார் டாரிஃப் என்ற வாகன இன்சூரன்ஸ் விதித் தொகுப்பில் இது எழுதப்பட்டிருக்கிறது: நிறுவனத்துக்குச் சொந்தமான வண்டி ஓர் ஊழியருக்கு ஒதுக்கப்பட்டு அவர் மட்டுமே பயன்படுத்தி வந்து, பிறகு அந்த வண்டியே அவர் பெயருக்கு மாறினால், அந்தக் காலத்தில் சேர்ந்த போனஸை அவருக்குத் தர வேண்டும். அதற்கு என்ன கேட்கிறார்கள்? அவருக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது என்று முதலாளி தரும் கடிதம். மறுபடியும் அதே கடிதம்தான். ஏஜென்ட் "போனஸ் வராது சார்" என்று சொன்னால் இந்த விலக்கை எடுத்துச் சொல்லி, எழுத்தில் பதில் கேளுங்கள்.

அந்தக் காரையே வாங்கிக்கொள்கிறீர்கள் என்றால் இன்னும் சில வேலை இருக்கிறது, இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கார் அதேதான், நிறுத்துவதும் அதே வீட்டு வாசலில்தான், கண்ணாடிக்குப் பின்னால் பாலிசித் தாளும் இருக்கிறது, அதனால் இன்சூரன்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிடுவோம். கம்பெனி தன் ஃப்ளீட் பட்டியலிலிருந்து உங்கள் காரை எந்தத் தேதியில் நீக்குகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. விற்பனைத் தாளில் கையெழுத்தான அன்றே நீக்கியிருக்கலாம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவு, உடைமை மாறினால் பாலிசியும் மாறியதாகவே கருதப்படும் என்கிறது, வாங்கியவர் 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அந்தப் பாதுகாப்பு மூன்றாம் நபருக்கு நேரும் நஷ்டத்துக்கு மட்டும்தான், உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கு அது பொருந்தாது என்பதை உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆர்.சி. உங்கள் பெயரில், பாலிசி கம்பெனி பெயரில் என்று இருக்கும் நிலையில் மரத்தில் மோதினால், இழந்தது நீங்கள், ஒப்பந்தம் கம்பெனியோடு, இருவரில் யாருக்கும் பணம் வராது. அதனால் ஆர்.சி. மாற்றமும் பாலிசி மாற்றமும் கைகோத்து நடக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பெயரில் இருந்த காருக்கு உரிமையாளரே ஓட்டுநர் என்ற வகையிலான தனிநபர் விபத்துக் காப்பு இருந்திருக்காது, ஏனென்றால் கம்பெனி ஒரு ஆள் இல்லை. உங்கள் பெயருக்கு மாறும்போது அதைச் சேர்க்க வேண்டும். நாமினி யார் என்று கேட்பார்கள். அதை அவசரத்தில் காலியாக விடாதீர்கள், வீட்டில் இருப்பவர்களுக்கு நீங்கள் செய்யும் உபகாரம் அது.

அப்புறம் புதுப் பாலிசியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வேலை. கம்பெனி காரில் இருந்தவரை பஞ்சர் ஆனாலும் ஒரு நம்பர், கண்ணாடி உடைந்தாலும் அதே நம்பர், மாற்று வண்டி வாசலுக்கு வரும். அந்த வசதிகளில் பாதி இன்சூரன்ஸே இல்லை, லீஸ் ஒப்பந்தத்தில் சேர்த்துக் கட்டியவை. சொந்தப் பாலிசியில் அவை தாமாக இருக்காது. எனக்குத் தெரிந்து மிகப் பெரிய வித்தியாசம், ஒவ்வொரு கிளெய்மிலும் நம் பங்காக முதலில் கட்ட வேண்டிய தொகை. கம்பெனி காரில் அதைப் பெரும்பாலும் கம்பெனியே ஏற்றுக்கொண்டிருக்கும், நமக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ப்ரீமியத்தைக் குறைக்க அந்தத் தொகையை ஏற்றி வைக்கச் சொல்லித் தருவார்கள். நாளைக் காலை அந்தத் தொகையைக் கையிலிருந்து எடுத்துக் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

யார் யார் ஓட்டுவார்கள் என்பதையும் யோசியுங்கள். கம்பெனி பாலிசியில் மனைவியோ கணவரோ ஓட்ட அனுமதி இருந்திருக்கலாம், அந்த அனுமதி கம்பெனி கொடுத்தது, புதுப் பாலிசிக்கு அது தெரியாது. பிரிட்டன் மாதிரி இடங்களில் பெயர் சேர்க்கப்படாதவர் ஓட்டினால் இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டிய குற்றம். பயன்பாட்டு வகையும் அப்படித்தான்: அங்கே சொந்தத் தேவைக்கு ஒன்று, தினமும் வேலைக்குப் போய்வர ஒன்று, வேலை நிமித்தம் பல இடங்களுக்குப் போக ஒன்று என்று பிரித்திருப்பார்கள். கம்பெனி காருக்குப் பதிலாக மாதாமாதம் கார் அலவன்ஸ் வாங்கிக்கொள்கிறவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் கார் சொந்தம், பாலிசி சொந்தம், ஆனால் வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும் வழியில் விபத்து நடந்தால் அது வேலைப் பயணம். அந்த வகையைச் சேர்க்க ஆகும் கூடுதல் தொகையை அலவன்ஸில் கேட்டு வாங்கலாம், பல கம்பெனிகள் சேர்த்திருப்பதற்கான சான்றையே கேட்கும்.

தேதியைப் பொறுத்தவரை, கம்பெனி காரை ஒப்படைக்கும் நாளும் புதுக் கார் கையில் வரும் நாளும் ஒன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. புதுப் பாலிசி எந்த மணிக்குத் தொடங்குகிறது என்று மட்டும் பாருங்கள், சில பாலிசிகள் நள்ளிரவில் தொடங்கும், சில பணம் கட்டிய நிமிடத்தில். காலையில் ஷோரூமிலிருந்து எடுத்து வரும் கார், அன்று நள்ளிரவில் தொடங்கும் பாலிசியில் ஓட முடியாது.

நடுவில் கொஞ்ச காலம் காரே இல்லாமல் இருக்கப் போகிறீர்கள் என்றால் வேறு கணக்கு. கம்பெனி காருக்கு முன்பு சொந்தக் கார் வைத்திருந்து அதில் போனஸ் சேர்ந்திருந்ததா என்று யோசியுங்கள். இந்தியாவில் பழைய காரை விற்றபோது போனஸ் சான்றிதழ் வாங்கியிருந்தால் மூன்று வருடத்துக்குள் வேறொரு காருக்கு அதைப் பயன்படுத்தலாம். பிரிட்டனில் பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு வருடம் வரைதான் ஏற்கும். கம்பெனி கார் வந்ததும் சொந்தக் காரை விற்கப் போகிறவர்கள் இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், சான்றிதழை விற்கும் அன்றே வாங்குங்கள். அமெரிக்காவில் கார் இல்லாதவருக்கென்றே தனிப் பாலிசி விற்கிறார்கள், அடிக்கடி இரவல் காரோ வாடகைக் காரோ ஓட்டுபவர்களுக்கு அது தொடர்ச்சியையும் காப்பாற்றிக் கொடுக்கும்.

கடைசியாகச் செய்ய வேண்டியது, காரை ஒப்படைக்கும் நாளில் நான்கு பக்கமும், உள்ளேயும், கிலோமீட்டர் மீட்டரையும் தேதி தெரியப் படம் எடுத்து, ஒப்படைப்புத் தாளில் காரைப் பெற்றுக்கொள்பவரின் கையெழுத்தும் நேரமும் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த பிறகு யாரோ அதை எடுத்துப்போய் இடித்து, அது உங்கள் காலக் கணக்கில் கிளெய்மாக ஏறினால், கையில் இருக்கும் "கிளெய்ம் இல்லை" கடிதத்தோடு அது முட்டும். அந்தப் படங்களையும் கடிதத்தையும் பழைய அலுவலக மெயிலில் வைக்காதீர்கள், கடைசி நாளோடு அது மூடப்பட்டுவிடும். சொந்த மெயிலுக்கு அனுப்பி, ஒரு பிரதியை வீட்டிலும் வையுங்கள், புதுப் பாலிசியின் முதல் புதுப்பித்தலில் போனஸ் வருடங்கள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வரை அது தேவைப்படும்.